மூன்று மாத்திரை, நான்கு விழிப்பு: கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

தூக்கத்துக்கு மாத்திரை கேட்டு மருந்துக்கடைக்கு வருகிறவருக்கு எதைக் கொடுப்பது? பெட்டியின் முகப்பைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஏற்கெனவே என்னென்ன விழுங்குகிறீர்கள், ராத்திரி முழித்ததும் முதலில் என்ன செய்கிறீர்கள் என்று இரண்டு கேள்வி கேட்டால் பாதி விவரம் வெளியே வந்துவிடும். கீழே உள்ள நிகழ்வு மருந்தாளுநர் பயிற்சிக்காக அமைத்தது. வந்தவர் கற்பனை மனிதர். மருந்துகளின் அளவு, செயல், ஒன்று மற்றொன்றைப் பாதிக்கும் விதம் ஆகியவை மட்டும் உள்ளபடியே.

வந்தவரும் அவர் கேட்டதும்

66 வயது ஆண், எடை 74 கிலோ, வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஓராண்டு ஆகிறது. மேசைமீது ஒரு காலி மாத்திரை அட்டையை வைத்தார். சளிக்காக இரவில் போடும் கூட்டு மாத்திரை அது. ஒரு மாத்திரையில் பாராசிட்டமால் 500 மி.கி., டைஃபென்ஹைட்ரமின் 25 மி.கி.

"இதைவிடப் பவரா ஏதாவது குடுங்க. மூணு போட்டாலும் ராத்திரி நாலு தடவை முழிச்சிடறேன்."

பத்து வாரத்துக்கு முன் அவருக்குச் சளி பிடித்திருந்தது. அப்போது இரவில் இரண்டு மாத்திரை போட்டார். முதல் இரண்டு மூன்று நாள் நல்ல தூக்கம். சளி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. நான்காவது வாரத்தில் இரண்டு போதாமல் மூன்றாக்கினார். ஓய்வுபெற்ற பிறகு தூக்கம் வரக் கொஞ்சம் நேரமாகிக்கொண்டுதான் இருந்தது என்றும், ஆனால் நடு இரவில் இப்படி முழித்ததில்லை என்றும் சொன்னார். இந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வரிசையாக வரும்.

"சார், ராத்திரி முழிச்சதும் முதல்ல என்ன பண்றீங்க?"

"பாத்ரூம் போறதுதான். போனாலும் சரியா வராது. திரும்பி வந்து படுத்தா இன்னும் இருக்கிற மாதிரியே இருக்கும்."

"தண்ணி குடிப்பீங்களா?"

"வாய் ஒட்டிக்கிதே, குடிக்காம எப்படி? ஒரு லிட்டர் பாட்டில் தலைமாட்டுலயே இருக்கு. காலைல பாத்தா காலி."

மற்ற மருந்துகள்: ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் 50 மி.கி., மெதுவாகக் கரையும் வகை, நாளுக்கு ஒன்று. புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் 0.4 மி.கி., நாளுக்கு ஒன்று. முட்டி வலிக்குப் பாராசிட்டமால் 500 மி.கி., ஒரு வேளைக்கு இரண்டு, நாளுக்கு மூன்று வேளை. கடைசியில் சொன்னதை அவராகச் சொல்லவில்லை. "வேறு மருந்து ஏதாவது?" என்றதற்கு "இல்லை" என்றார். "வலிக்கு, வயிற்றுக்கு, சளிக்கு, அரிப்புக்கு ஏதாவது போடுவீர்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான் வந்தது. வலி மாத்திரையை மருந்தாக நினைக்காதவர்கள் நிறைய. கேள்வியை உறுப்பு வாரியாகக் கேட்பது இதற்காகத்தான்.

வீட்டுக் கருவியில் நாடித்துடிப்பு இப்போது 54 காட்டுகிறது. மூன்று மாதம் முன்பு அதே கருவியில் 66 இருந்ததாக அவருடைய குறிப்பேட்டில் உள்ளது. இரவில் எழுந்து நிற்கும்போது தலை லேசாகச் சுற்றுகிறது, காலை பத்து மணிவரை மந்தம்.

படுக்கைக்குப் போவது இரவு 9 மணி, எழுவது காலை 6.30. மாத்திரை 9 மணிக்கு. தூக்கம் பிடிக்கப் பதினொன்று ஆகிவிடும். நடுவில் முழித்துக் கிடக்கும் நேரத்தைக் கழித்தால் உண்மையில் தூங்குவது சுமார் ஐந்தரை மணி நேரம். மதியம் ஒரு மணி நேரத் தூக்கம் தனி. மாலை 5 மணிக்கு இரண்டு கோப்பை காபி.

சுழல்

டைஃபென்ஹைட்ரமின் பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்து. மூளையை விழிப்பில் வைத்திருக்கும் வேதிப்பொருள்களில் ஹிஸ்டமினும் ஒன்று. இந்த மருந்து ரத்தத்திலிருந்து எளிதில் மூளைக்குள் நுழைந்து ஹிஸ்டமினின் ஏற்பிகளை, அதாவது அது வந்து ஒட்டி வேலை செய்யும் இடங்களை, அடைக்கிறது, அதனால் தூக்கம் வருகிறது. பிரச்சினை என்னவென்றால் இது ஹிஸ்டமினோடு நிற்பதில்லை. அசிடைல்கோலின் ஏற்பிகளையும் அடைக்கிறது. உமிழ்நீர் சுரப்பதும், குடல் அசைவதும், சிறுநீர்ப்பை சுருங்கிச் சிறுநீரை வெளியேற்றுவதும் அசிடைல்கோலின் வேலை.

இவருக்கு நடந்தது இது. மாத்திரை வாயை உலர்த்தியது. உலர்ந்த வாய்க்கு இரவெல்லாம் தண்ணீர் குடித்தார். சிறுநீர்ப்பை நிறைந்தது. புராஸ்டேட் ஏற்கெனவே வழியை நெருக்கியிருந்தது, மாத்திரை சிறுநீர்ப்பைத் தசையின் வலுவையும் குறைத்தது. அதனால் முழுவதும் காலியாகவில்லை. மீதி நின்றதால் சீக்கிரமே மறுபடி நிறைந்து எழுப்பியது. எழுந்ததற்கு மருந்தாக மூன்றாவது மாத்திரை சேர்ந்தது. ஒரு கையால் டாம்சுலோசின் போட்டு வழியைத் திறந்துவிட்டு, மறு கையால் அதை மூடிக்கொண்டிருந்தார்.

தூக்கமாவது கிடைத்ததா? 2002இல் வெளியான ஒரு சோதனையில் ஆரோக்கியமான ஆண்களுக்கு டைஃபென்ஹைட்ரமின் 50 மி.கி. நாளுக்கு இருமுறை கொடுத்துப் பார்த்தார்கள். முதல் நாள் தெளிவான தூக்கக் கலக்கம். நான்காம் நாள் மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக்கும் இதற்கும் வேறுபாடு தெரியவில்லை. இவர் சொன்ன "முதல் இரண்டு மூன்று நாள் நல்ல தூக்கம்" இதோடு பொருந்துகிறது. தூக்கம் தரும் குணம் சில நாளில் பழகிப்போகிறது. வாய் உலர்வதும் சிறுநீர் தேங்குவதும் அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை. நான்காவது நாளுக்குப் பிறகு இவர் விழுங்கியதில் பெரும்பகுதி பக்கவிளைவு மட்டுமே என்பது எங்கள் கணிப்பு.

காலை மந்தத்துக்கும் கணக்கு உண்டு. இந்த மருந்தின் அளவு உடலில் பாதியாகக் குறைய நடுவயதினருக்குச் சுமார் 9 மணி நேரம், முதியவர்களுக்கு 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு 9 மணிக்கு 75 மி.கி. போட்டால் மறுநாள் காலை பத்து மணிக்கும் ஏறத்தாழ பாதி உள்ளே இருக்கும். அடுத்த வேளையை விழுங்கும்போதுகூட முந்தைய வேளையில் கால்பங்குக்கு மேல் மிச்சம். தூக்கக் கலக்கம் போன பிறகும் கவனக்குறைவு இருக்கக்கூடும் என்பதுதான் இதில் ஏமாற்றுவது. 2000இல் வெளியான வாகன ஓட்டும் மாதிரிக் கருவிச் சோதனையில், 50 மி.கி. எடுத்தவர்கள் ரத்தத்தில் 0.1 சதவீத மது இருந்தவர்களைவிடவும் சில அளவீடுகளில் மோசமாக ஓட்டினார்கள். தாங்கள் எவ்வளவு தூக்கமாக உணர்கிறோம் என்று அவர்கள் சொன்னதை வைத்து ஓட்டும் தரத்தைக் கணிக்க முடியவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்ற பதிலை நம்பி வண்டிச் சாவியைக் கொடுக்கக் கூடாது.

நாடித்துடிப்பு குறைந்ததும் இதே மாத்திரையால் இருக்க வாய்ப்பு அதிகம். மெட்டோப்ரோலாலை ஈரலில் சிதைக்கும் நொதி சி.ஒய்.பி. 2டி6. டைஃபென்ஹைட்ரமின் அந்த நொதியைத் தடுக்கிறது. அதே 50 மி.கி. மெட்டோப்ரோலால், ரத்தத்தில் அதிகமாகவும் நீண்ட நேரமும் நிற்கும். துடிப்பு குறையும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கும். இரவில் நான்குமுறை இருட்டில் எழுந்து நடக்கும் 66 வயதுக்காரருக்கு இது வழுக்கி விழுவதற்கான ஏற்பாடு.

பாராசிட்டமால் கணக்கு தனி. பகலில் ஆறு மாத்திரை, 3 கிராம். இரவில் மூன்று, 1.5 கிராம். மொத்தம் 4.5 கிராம். ஆரோக்கியமான வயதுவந்தவருக்கே நாள் வரம்பு 4 கிராம். தூக்கத்துக்காகக் கூட்டு மாத்திரை வாங்குகிற யாரிடமும் இந்தக் கூட்டலைக் காகிதத்தில் போட்டுக் காட்ட வேண்டும். வாயால் சொன்னால் மறந்துவிடும். வலியில்லாத நாளில் வலி மாத்திரை எதற்கு என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

65 வயதுக்கு மேற்பட்டவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பீர்ஸ் பட்டியலில் டைஃபென்ஹைட்ரமினும் அதே குடும்பத்து டாக்சிலமினும் இருக்கின்றன. பொட்டலத்தில் "இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம்" என்று அச்சிட்டிருப்பதும் உண்டு. அந்த எழுத்தின் அளவைப் பார்த்தால் படிக்காதவரைக் குறை சொல்லத் தோன்றாது.

வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா?

மாத்திரைதான் குற்றவாளி என்று தீர்ப்பெழுதும் முன் சிலவற்றை விலக்க வேண்டும். முதலில் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய். இரவில் பலமுறை சிறுநீர் கழிப்பது அதற்கும் ஓர் அறிகுறி, பலருக்கு இது தெரியாது. "குறட்டை விடுவீர்களா?" என்று தூங்குகிறவரைக் கேட்டுப் பயனில்லை. மனைவியை ஃபோனில் கேட்டபோது, லேசான குறட்டை, மூச்சு நின்று திணறுவது இல்லை என்றார். படுத்ததும் கால் குறுகுறுத்து ஆட்டத் தோன்றுகிறதா என்பது அடுத்தது. அப்படி இருந்தால் டைஃபென்ஹைட்ரமின் அதையும் மோசமாக்கும், இரும்புச் சத்தையும் சோதிக்க வேண்டும். இவருக்கு இல்லை. மனச்சோர்வு, இரவுப் பதற்றம் கேட்டதில் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. நீரிழிவு இல்லை என்று ஆறு மாதத்துக்கு முன் சோதனை சொல்கிறது. கண் அழுத்த நோய் இல்லை. இருந்திருந்தால், அதிலும் குறுங்கோண வகையாக இருந்தால், இந்த மாத்திரையை அவர் தொட்டிருக்கவே கூடாது.

தூக்கத்தைக் கெடுக்கும் மருந்துகள் வேறு உண்டா என்று பார்ப்பதும் வழக்கம்: மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின், ஸ்டீராய்டு, சில மனச்சோர்வு மருந்துகள், மாலையில் போடும் நீர் மாத்திரை. இவரிடம் உள்ளது மெட்டோப்ரோலால் மட்டும். அது பீட்டா தடுப்பான் என்ற மருந்து வகை. பீட்டா தடுப்பான்கள், இரவாகிவிட்டது என்று உடலுக்குச் சொல்ல இரவில் சுரக்கும் மெலடோனினைக் குறைக்கும். இது பின்னால் உதவியது.

வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதம் நீடித்தால்தான் நாள்பட்ட தூக்கமின்மை என்பார்கள். இவர் பத்தாவது வாரத்தில் இருக்கிறார். எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம், ஆனால் அதன் அருகில்.

அலமாரியில் இருந்தவை

இவருக்கு என்னென்ன கொடுத்திருக்க முடியும் என்பதையும் ஏன் கொடுக்கவில்லை என்பதையும் எழுதிவைப்பது பயனுள்ளது.

டாக்சிலமின் 25 மி.கி.: பெயர் வேறு, குடும்பம் அதே. உடலில் பாதியாகக் குறையச் சுமார் 10 மணி நேரம், வயதான ஆண்களுக்கு இன்னும் கூடுதல். அதே வாய், அதே சிறுநீர்ப்பை. மாற்றித் தருவது போலத் தோன்றும், எதுவும் மாறியிருக்காது.

வலேரியன் வேர்ச் சாறு: சோதனைகளில் பொதுவாக 300 முதல் 600 மி.கி. வரை தருகிறார்கள், முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2017 வழிகாட்டி, நாள்பட்ட தூக்கமின்மைக்கு வலேரியன், டைஃபென்ஹைட்ரமின், டிரிப்டோஃபேன், மெலடோனின் நான்கையும் பரிந்துரைக்கவில்லை. எதிராகச் சொன்னதும் பலவீனமான சான்றின் அடிப்படையில்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மக்னீசியம்: சான்று குறைவு, வயிற்றுப்போக்கு உறுதி என்று வேடிக்கையாகச் சொல்லலாம். சிறுநீரகம் பழுதானவர்கள் தொடக் கூடாது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். காவா என்னும் மூலிகை: ஈரலைக் கெடுத்த நிகழ்வுகள் பதிவாகியிருப்பதால் பேச்சே வேண்டாம். மது ஆரம்பத்தில் தூங்கவைத்துப் பின்னிரவில் எழுப்பும், சிறுநீரையும் பெருக்கும்.

அப்படியானால் ஒவ்வாமை வகைத் தூக்க மாத்திரை யாருக்குமே ஆகாதா? ஆகும். முப்பது வயது, வேறு நோயில்லை, வேறு மருந்தில்லை, ஒரு தேர்வோ துக்கமோ காரணமாக இரண்டு மூன்று இரவு தூக்கமில்லை என்பவருக்கு 25 மி.கி.யில் தொடங்கலாம், தேவைப்பட்டால் 50. அதற்கு மேல் கூட்டினால் தூக்கம் கூடாது. படுக்கைக்கு அரை மணி முன் போட வேண்டும், எட்டு மணி நேரம் கைவசம் இருக்க வேண்டும், மது கூடாது, மறுநாள் காலை வண்டி கூடாது. அடுத்தடுத்து மூன்று இரவுக்கு மேல் போடாமல் நிறுத்துவது நல்லது என்போம், நான்காம் நாள் கதை மேலே சொன்னதுதான். டைஃபென்ஹைட்ரமின் சிட்ரேட் என்று எழுதிய மாத்திரையானால் 76 மி.கி. என்பது வழக்கமான ஹைட்ரோகுளோரைடு உப்பின் 50 மி.கி.க்குச் சமம், எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். அரிப்புக்குத் தடவும் களிம்பிலும் இதே மருந்து இருக்கக்கூடும், இரண்டையும் சேர்க்கக் கூடாது. பன்னிரண்டு வயதுக்குக் கீழ் தூக்கத்துக்காகத் தரவே கூடாது. சில குழந்தைகள் தூங்குவதற்குப் பதில் துள்ளத் தொடங்கும்.

முதல் நாள் செய்தது

அன்று அவருக்கு எதுவும் விற்கப்படவில்லை. கூட்டு மாத்திரையை அன்றிரவே நிறுத்தச் சொன்னது முதல் படி. மாதக்கணக்கில் அதிக அளவு எடுத்தவர்களுக்குப் படிப்படியாகக் குறைப்பதில் நியாயம் உண்டு. இங்கே சிறுநீர் தேங்கும் அறிகுறி இருந்ததால் காத்திருக்க முடியாது. இரண்டு முதல் நான்கு இரவு தூக்கம் இன்னும் மோசமாகலாம் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் இரண்டாம் இரவே "மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது" என்ற முடிவுக்கு வந்து திரும்பிவிடுவார்.

மூன்று நாளுக்குள் மருத்துவரைப் பார்க்க ஒரு தாளில் எழுதிக் கொடுக்கப்பட்டது: எடுத்த மருந்துகள், அளவு, எத்தனை வாரம், சிறுநீர் அறிகுறி, நாடித்துடிப்பு 66இலிருந்து 54, பாராசிட்டமால் மொத்தம் 4.5 கிராம், ஈரல் சோதனை தேவையா என்ற கேள்வி. அடிவயிறு உப்பி, முட்டிக்கொண்டும் சிறுநீர் சொட்டுக்கூட வரவில்லை என்றால் மூன்று நாள் காத்திருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும் என்பதைச் சிவப்பு மையில் எழுதினார்கள். மெட்டோப்ரோலாலை அவராக நிறுத்தக் கூடாது. தடுப்பு விலகியதும் அதன் அளவு பழைய நிலைக்கு இறங்கும், துடிப்பும் அழுத்தமும் சற்று ஏறலாம், எனவே ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து எழுத வேண்டும்.

பாராசிட்டமால் பகல் வேளை மூன்றோடு நின்றது. தலைமாட்டுப் பாட்டில் போய், சிறு டம்ளர் வந்தது. படுக்கும் முன் இரண்டு மணி நேரம் தண்ணீரைக் குறைத்து, அதைப் பகலில் ஈடுகட்ட வேண்டும். காபி மதியத்தோடு சரி. காஃபின் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் ஆகும், ஐந்து மணிக் காபியில் பாதி இரவு பத்துக்கும் வேலை செய்யும்.

நேர அட்டவணை

ஒன்பதரை மணி நேரம் படுக்கையில், ஐந்தரை மணி நேரம் தூக்கம். தூக்கத் திறன், அதாவது படுக்கையில் கழித்த நேரத்தில் தூங்கிய பங்கு, 58 சதவீதம். 85க்கு மேல் இருக்க வேண்டும். இங்கே மருந்தைவிட அதிகம் மாற்றியது இந்தக் கணக்குதான். அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2016 வழிகாட்டி நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகச் சொல்வது தூக்கம் பற்றிய எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை, அதன் இரண்டு தூண்களில் ஒன்று படுக்கை நேரத்தைச் சுருக்குவது.

எழும் நேரத்தை முதலில் ஆணியடிக்க வேண்டும்: காலை 6, ஞாயிறானாலும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் படுக்கும் நேரம். தூங்கும் ஐந்தரை மணி நேரத்தோடு ஒரு மணி நேரம் சேர்த்து ஆறரை மணி நேரம், அதாவது இரவு 11.30. இன்னும் இறுக்கலாம், ஆனால் தலைசுற்றல் உள்ள முதியவரிடம் அது வேண்டாம். எப்படியானாலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. இருமுனை மனநோய், வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு இந்த முறையே மருத்துவர் மேற்பார்வையில்தான். மதியத் தூக்கம் நிறுத்தம். படுத்துச் சுமார் இருபது நிமிடத்தில் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கியதும் திரும்ப வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடத்தை எண்ணக் கூடாது, அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். தோராயமாக உணர்ந்தால் போதும். ஒரு வாரச் சராசரித் திறன் 85ஐத் தாண்டினால் படுக்கும் நேரம் 15 நிமிடம் முன்னே வரும்.

பலர் இதில் தோற்பது 9 மணிக்கும் 11.30க்கும் நடுவில். சோபாவில் சாய்ந்து அரை மணி கண்ணயர்ந்தால் இரவுக்கான தூக்கச் சுமையில் ஒரு பங்கு அங்கேயே தீர்ந்துவிடும். அந்த நேரத்துக்கு நின்றபடி செய்யும் வேலை ஏதாவது வேண்டும். இவர் துணி மடித்தார், மறுநாள் சமையலுக்குக் காய் நறுக்கினார்.

இடையில் வந்த சறுக்கல்

நான்காம் நாள் நிலவரம்: இரண்டு இரவு மோசம், மூன்றாம் இரவு விழிப்பு நான்கிலிருந்து இரண்டாகியிருந்தது. மருத்துவர் செய்த ஸ்கேனில் சிறுநீர் கழித்த பின்னும் சிறுநீர்ப்பையில் 190 மி.லி. தேங்கியிருந்தது. ஈரல் சோதனை சரியாக இருந்தது. துடிப்பு 61.

ஐந்தாம் நாள் உறவினர் ஒருவர் பரிவோடு மெலடோனின் 10 மி.கி. மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். இரவு ஏழரைக்கு ஒன்று மென்றார். எட்டரைக்கு நாற்காலியிலேயே தூக்கம், ஒரு மணிக்கு முழிப்பு, விடியும்வரை உருளல். இரண்டு நாள் இப்படி.

இதில் தவறு மூன்று. நேரம் முதல் தவறு. மெலடோனின் தூக்கத்தில் ஆழ்த்தும் மருந்து என்பதைவிட, உடலின் கடிகாரத்துக்கு "இரவாகிவிட்டது" என்று சொல்லும் செய்தி எனலாம். 11.30க்குப் படுக்க வேண்டியவருக்கு அந்தச் செய்தியை ஏழரைக்கே அனுப்பிவிட்டார். வகை இரண்டாம் தவறு. உடனே கரையும் மெலடோனின் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும், எனவே பின்னிரவு விழிப்புக்கு அதனால் பயன் குறைவு. மூன்றாவது அளவு. கூட்டினால் ஆழ்ந்த தூக்கம் வரும் என்பதற்கு ஆதாரமில்லை, மறுநாள் தலைபாரம் வரும் வாய்ப்பு உண்டு. மிட்டாயில் பத்து என்று எழுதியிருந்தால் பத்து இருக்கும் என்ற உறுதியும் இல்லை. 2017இல் கனடாவில் 31 தயாரிப்புகளைச் சோதித்தபோது, அட்டையில் எழுதியதைவிட 83 சதவீதம் குறைவு முதல் 478 சதவீதம் அதிகம்வரை இருந்தது, கால்பங்குக்கு மேற்பட்டவற்றில் செரோடோனின் என்ற வேறொரு வேதிப்பொருளும் கலந்திருந்தது. 2023இல் அமெரிக்காவில் 25 மிட்டாய் வகைகளைப் பார்த்ததில் 22இல் அளவு தவறு.

இறுதியில் தேர்ந்தது

மிட்டாய் நின்றது, ஆனால் மெலடோனின் பேச்சு அதோடு முடியவில்லை. பொதுவாக மெலடோனின் தரும் பயன் சிறியது. பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2013இல் வெளியான தொகுப்பாய்வில் தூக்கம் பிடிக்கும் நேரம் குறைந்தது சராசரியாக 7 நிமிடம்தான். வழியில் வருகிற யாருக்கும் இதைப் பரிந்துரைக்க இந்த எண் போதாது. இவரிடம் தனிக் காரணம் இருந்தது: மெட்டோப்ரோலால். பீட்டா தடுப்பான் எடுக்கும் 16 பேருக்கு 2.5 மி.கி. மெலடோனின் மூன்று வாரம் கொடுத்த 2012 சோதனையில், வெற்று மாத்திரையோடு ஒப்பிட மொத்தத் தூக்கம் 36 நிமிடம் கூடியது. 16 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆனாலும் இவருடைய நிலைக்கு இதைவிட நெருங்கிய சான்று அலமாரியில் வேறெதற்கும் கிடையாது. ஐரோப்பாவில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மெதுவாகக் கரையும் 2 மி.கி. மாத்திரை அனுமதி பெற்றிருக்கிறது. சில நாடுகளில் இதற்கு மருந்துச்சீட்டு வேண்டும், சில நாடுகளில் உணவுத் துணைப்பொருளாகவே விற்கிறார்கள்.

பத்தாம் நாள், மருத்துவர் ஒப்புதலோடு: மெதுவாகக் கரையும் மெலடோனின் 2 மி.கி., படுக்கைக்கு ஒன்றரை மணி முன், உணவுக்குப் பிறகு, இரவு 10 மணிக்கு. முழுதாக விழுங்க வேண்டும். உடைத்தாலோ மென்றாலோ மெதுவாகக் கரையும் தன்மை போய்விடும், மிட்டாய்க்கும் அதற்கும் வேறுபாடு இருக்காது. மூன்று வாரம் எடுத்துப் பார்ப்பது, பயன் தெரியாவிட்டால் நிறுத்துவது. வார்ஃபரின், நிஃபெடிபின், ஃபுளுவோக்சமின் ஆகியவற்றில் ஒன்றை எடுப்பவராக இருந்தால் இந்த வழியில் போயிருக்க மாட்டோம். கடைசியில் சொன்னது ரத்தத்தில் மெலடோனின் அளவைப் பல மடங்கு ஏற்றிவிடும்.

முதல் நாளிலேயே ஏன் இதைத் தரவில்லை என்று கேட்கலாம். பழைய மாத்திரையை நிறுத்தியதால் எவ்வளவு சரியாகிறது என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே இரவில் மாற்றியிருந்தால் பலன் முழுதும் மெலடோனின் கணக்கில் சேர்ந்து, அவர் ஆயுளுக்கும் அதை வாங்கிக்கொண்டிருப்பார். பத்தாம் நாள் விழிப்பு ஏற்கெனவே இரண்டுக்கு இறங்கியிருந்ததால் மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று அவருக்கே விளங்கியது.

மூன்றாம் வாரம்: ஆறரை மணி நேரத்தில் 5 மணி 35 நிமிடம் தூக்கம், திறன் 86 சதவீதம். படுக்கும் நேரம் 11.15 ஆனது. மறு ஸ்கேனில் தேக்கம் 60 மி.லி. நாடித்துடிப்பு 65, தலைசுற்றல் இல்லை. ஐந்தாம் வாரம் முடிவில் மெலடோனின் நின்றது, நிறுத்திய பிறகு தூக்கம் பிடிக்கச் சில நிமிடம் கூடியதைத் தவிர மாற்றமில்லை. ஆறாம் வாரம்: 10.45க்குப் படுத்து 6க்கு எழுகிறார், 6 மணி 20 நிமிடத் தூக்கம். இரவில் ஒருமுறை எழுகிறார். 66 வயதில், புராஸ்டேட் வீக்கத்தோடு, ஒருமுறை எழுவதை யாரும் மாத்திரை கொண்டு துரத்தத் தேவையில்லை.

அவருடைய கோப்பில் ஒரு குறிப்பு சேர்க்கப்பட்டது: அடுத்த சளிக்கு என்ன செய்வது. இரவுக் கூட்டு மாத்திரை வேண்டாம். மூக்கடைப்புக்கான பகல் மாத்திரையும் வேண்டாம், அதில் உள்ள சூடோஎபெட்ரின் சிறுநீர்ப்பையின் கழுத்தை இறுக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், தூக்கத்தையும் விரட்டும். காய்ச்சலுக்குத் தனிப் பாராசிட்டமால், முட்டி வலிக் கணக்கோடு சேர்த்து எண்ண வேண்டும். மூக்குக்கு உப்பு நீர்ச் சொட்டு. வீட்டில் மிச்சமிருந்த இரண்டு அட்டை கூட்டு மாத்திரையைக் கடையில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.